நாலாம் நாள் கோபம்

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. இதை எழுத ஆரம்பித்ததிலிருந்து அடுப்பைப் பார்க்க, வாசலைப் பார்க்க, ஒன்றுமே இல்லாததைப் பார்க்க என்று எழுந்து எழுந்து போய்க்கொண்டிருக்கிறேன். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று என் அம்மா திட்டுவாள். அப்படிப்பட்டவளை மாதத்தில் மூன்று நாள் பின்கட்டு அறையில் முடக்கிப் போட்டார்கள் என்றால் தவித்துப் போயிருப்பேன் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. அந்த மூன்று நாளுக்காகத்தான் மற்ற நாளெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

நான் வாழ்க்கைப்பட்டது திருவனந்தபுரத்தில், கோட்டைக்குள் இருக்கும் ஓர் அக்ரஹாரத் தெருவில். அங்கே ஒரு வீட்டின் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். இந்த வீட்டில் மிளகாய் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எதிர்வீட்டுப் பெண் கழக்கூட்டத்தில் ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனிக்கு பஸ் ஏறிப் போய்வந்துகொண்டிருந்தாள். அவளை எந்த நாளிலும் யாரும் தள்ளி உட்காரச் சொல்வதில்லை. எங்கள் வீட்டில் மட்டும் என் மாமியார் பழைய ஆசாரத்தைக் கொடி நாட்டிக் காத்துவந்தாள். மாதவிலக்கு வந்தால் ‘தூரம்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பின்கட்டு அறைக்குப் போய்விட வேண்டும். பாய் தனி, தட்டு தனி, தம்ளர் தனி. சாப்பாடு வாசற்படிக்கு வெளியே வந்து உட்காரும். நாலாம் நாள் விடிகாலையில் தலைக்குக் குளித்தால்தான் மறுபடி வீட்டுக்குள் சேர்த்தி. நடுவில் என்னை யாராவது தொட்டுவிட்டால், தொட்டவர் நேரே கிணற்றடிக்குப் போய்த் தலையோடு தண்ணீர் விட்டுக்கொள்ள வேண்டும்.

என் கணவர் அடிப்பார். இதை இப்படி மூன்று வார்த்தையில் எழுத எனக்கு எவ்வளவு காலம் ஆயிற்று! தெருவில் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். “அவனுக்கு இத்திரி, கொஞ்சூண்டு முன்கோபம், அவ்வளவுதான்” என்பார்கள். “கோபம் வந்தா அவனுக்குக் கண்ணு மண்ணு தெரியாது, ஆனா மனசு வெல்லமாக்கும்” என்பார்கள். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று பக்கத்து வீட்டு மாமி ஒருநாள் எனக்கு ஆறுதல் சொன்னாள். அணைக்கிற கை அணைத்துக்கொண்டே இருந்துவிட்டுப் போகட்டுமே மாமி, நடுவில் இந்த வேலை எதற்கு என்று கேட்டேன். அதற்கப்புறம் அவள் எனக்கு ஆறுதல் சொல்ல வருவதில்லை.

அவர் அரசாங்க ஆபீஸில் கிளார்க். அங்கே குரல் எழும்பாத மனுஷர். சனிக்கிழமை தவறாமல் கோயில், ஏகாதசி தவறாமல் பட்டினி. வீட்டில், வேட்டி சரியாக உலராவிட்டால் கன்னத்தில் ஒன்று விழும். நாள்கணக்கில் கொட்டும் இடவப்பாதி மழையில் வேட்டி உலராததற்கு நான் என்ன செய்வேன், மேகத்தை நானா கயிறு கட்டி இழுத்துவந்தேன்? கரண்ட் போனால் ஒன்று. டெலிபோனில் என் அண்ணனோடு சிரித்துப் பேசினால் ஒன்று. தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதியது ஒருமுறை. அதற்கு என்ன காரணம் என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை. காரணம் என்ற ஒன்று இருந்திருந்தால்தானே நினைவிருக்கும்.

தூரமான நாட்களில் மட்டும் அடி கிடையாது. அவர் அந்த அறைப் பக்கமே வரமாட்டார். இது எனக்கு வெகு நாள் ஒரு விஷயமாகவே படவில்லை. வெயிலுக்கு நடுவில் ஒரு மரநிழல் கிடைத்தால் யார் நட்ட மரம் என்றா கேட்பார்கள்? பாயை விரித்துப் படுப்பேன். முதுகு தரையில் பட்டதும் உடம்பெல்லாம் தளர்ந்து தூக்கம் வரும். பகலிலேயே அடித்துப் போட்டதுபோல் தூங்குவேன். அடடா, எழுதும்போதே பாருங்கள், என்ன உவமை வருகிறது என்று.

ஒருநாள் சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்தவரின் முகமே சரியில்லை. செருப்பைக் கழற்றிய வேகத்திலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. எனக்குத் தூரம் வந்துபோய்ப் பத்துநாள்கூட ஆகியிருக்காது. ஆனாலும் வாய் தானாகவே திறந்தது. “அம்மா, நான் தூரம்” என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு விடுவிடுவென்று பின்கட்டுக்குப் போனேன். பஞ்சாங்கமே தோற்றுப்போகும் கணக்கு என் மாமியாருடையது. கண்டுபிடித்துவிடுவாளோ என்று கதவிடுக்கில் காதை வைத்துக்கொண்டேன்.

“இப்பத்தானே ஒக்காந்தா?” என்று அவர் கேட்பது காதில் விழுந்தது.

“பொம்மனாட்டி உடம்பு. நோக்கென்னடா தெரியும்? போய்க் காலை அலம்பு” என்றாள் மாமியார்.

கொஞ்ச நேரத்தில் தட்டு வாசற்படிக்கு வந்தது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் அவளைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு பலமுறை அப்படி நடந்தது. சில மாதம் பாதி நாட்களைப் பின்கட்டிலேயே கழித்தேன். எங்களுக்குள் ஒரு வார்த்தைப் பேச்சு கிடையாது. ஆனால் மற்ற நேரத்தில் அவளைக் கேட்டால், “என் பிள்ளை தங்கம். ஆசாரம் தெரிஞ்சவன்” என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பழைய பேப்பர்காரனுக்குப் போட வேண்டிய மலையாளப் பத்திரிகைகளை எல்லாம் அந்த அறையில்தான் அடுக்கிவைப்போம். காலில் சக்கரம் கட்டியவள் சும்மா கிடப்பேனா? ஒரு விளம்பரம் விடாமல் படிப்பேன். அப்படித்தான் புதுச் சட்டம் ஒன்று வந்திருப்பதாகப் படித்தேன். வீட்டுக்குள் ஒரு பெண்ணை அடிப்பது, தள்ளுவது, கேவலமாகப் பேசுவது, பயமுறுத்துவது எல்லாமே அந்தச் சட்டத்தில் வன்முறை. அடிக்கக்கூடாது என்று கோர்ட்டே உத்தரவு போடும். வீடு யார் பேரில் இருந்தாலும் அவளை வெளியே தள்ள முடியாது. இரண்டு தரம் படித்தேன். படித்துவிட்டு, இது குடித்துவிட்டு வந்து உதைக்கிறவர்களைப் பற்றியது, நம் வீட்டில் வெறும் முன்கோபம்தானே என்று பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். தெரு சொல்லிக்கொடுத்த பாடம் எனக்குள் அப்படி ஊறிக்கிடந்தது.

அதைக் கழுவிவிட்டவர் என் கணவரேதான்.

அன்று நான் நிஜமாகவே தூரம். மறுநாள் ஏதோ ஆபீஸ் கூட்டத்துக்கு அவர் போட்டுக்கொள்ள வேண்டிய சட்டையை நான் இஸ்திரிக்குக் கொடுக்க மறந்திருக்கிறேன். சட்டையைக் கையில் சுருட்டிக்கொண்டு பின்கட்டுக்கு வந்தார். முகம் சிவந்து, மூச்சு வாங்கி, கை ஓங்கியபடி. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். வாசற்படிவரை வந்தவர் சட்டென்று நின்றார். ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு மெல்லக் கீழே இறங்கியது. குரல்கூட உயரவில்லை.

“இரு. நாலாம் நாள் ஆகட்டும்” என்றார்.

போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் டி.வி.யில் செய்தி ஓடும் சத்தம் கேட்டது. காபி குடித்தார், பள்ளிக்கூடம் போகும் எங்கள் மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார், சாப்பிட்டார், தூங்கினார். மறுநாளும் அதற்கடுத்த நாளும் அப்படியே. நாலாம் நாள் காலை தலைக்குக் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு நான் கூடத்துக்குள் வந்தேன். அவர் படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்துக் கீழே வைத்தார். எழுந்து வந்தார். அடித்தார். பிறகு போய்ப் பேப்பரை விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொண்டார்.

கன்னம் எரிந்தது. ஆனால் எனக்கு அழுகை வரவில்லை, தலைக்குள் ஒரே பரபரப்பு. கண்ணு மண்ணு தெரியாத கோபமாம்! வாசற்படி தெரிகிறதே. நாள் கணக்குத் தெரிகிறதே. என் தலைமுடி ஈரம்கூடத் தெரிந்திருக்கிறது. அட பாவி மனுஷா, உனக்கு எல்லாம் தெரிந்துதானே இருக்கிறது என்று கத்த வேண்டும்போல் இருந்தது. சமையலறைக்கும் கிணற்றடிக்குமாக அன்று நான் நடந்த நடைக்குக் கணக்கே இல்லை. குழம்பு அடிப்பிடித்துப்போய் அதற்கும் ஒன்று வாங்கினேன்.

ஆனாலும் அன்றைக்கே நான் கிளம்பிவிடவில்லை. கிளப்பிவிட்டவள் என் மகள். அப்போது ஆறாம் வகுப்பு. கணக்கில் தப்புப் போட்டதற்கு அவளையும் அவர் முதல்முறையாக அறைந்தார். காதோடு சேர்த்து. ராத்திரி தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது கேட்டாள், “அம்மா, நான் எப்போ ஒக்காருவேன்?”

“எங்கேடீ?”

“பின்கட்டில. உன்னை மாதிரி. என் கிளாஸ்ல ரெண்டு பேருக்கு வந்தாச்சு. நேக்கும் சீக்கிரம் வந்தா அப்பா அடிக்கமாட்டாரோல்லியோ?”

பதினோரு வயசுக் குழந்தை. நான் கண்டுபிடித்த ஒளிவிடத்தை அவளும் பார்த்து வைத்திருக்கிறாள், தனக்கும் ஒரு பாய் கேட்கிறாள். என் அண்ணனுக்கு போன் போட்டேன். “அட்ஜஸ்ட் பண்ணிக்கோ, முடியலேன்னா கொழந்தையைக் கூட்டிண்டு நாகர்கோவிலுக்கு வந்துடு” என்றான். எதற்கு வர வேண்டும்? அவளுடைய பள்ளிக்கூடம் இங்கே, அவளுடைய வீடு இங்கே. அடிக்கிறவர் இருப்பாராம், அடிபட்டவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் மாற வேண்டுமாம். எனக்கு அந்த வீட்டில் அடி வாங்காமல் இருக்க வேண்டும். அவளும் அடி வாங்காமல் வளர வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பொய்யில்லை, உடைத்துவிட்டுத்தான் போனேன். ஒவ்வொரு ஜில்லாவுக்கும் ஒரு பாதுகாப்பு அதிகாரி என்று பேப்பரில் போட்டிருந்தது. விசாரித்து விசாரித்துப் போனால், ஜெயிலிலிருந்து வெளியே வந்தவர்களைக் கவனிக்கும் அதிகாரிக்கே இந்த வேலையையும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். வெளியே பெஞ்சில் அவரைப் பார்க்க வந்த ஆட்கள். மீசை முறுக்கிய ஒருவன் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தான். எங்கள் தெருவில் எனக்கு யாரும் அப்படி இடம் கொடுத்ததில்லை என்று நினைத்தபோது சிரிப்பு வந்துவிட்டது.

அதிகாரி வயதானவர், மலையாளி. “உபத்ரவம் ஒருபாடு உண்டோ?” என்று கேட்டார். அப்படியொன்றும் அதிகமில்லை என்றேன். அறைவாரா? ஆமாம். தள்ளுவாரா? ஆமாம். தலைமுடியைப் பிடிப்பாரா? ஆமாம். குழந்தையை? ஆமாம். நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு, “இதுதானா அதிகமில்லாதது?” என்றார்.

“எப்போதெல்லாம் அடிப்பார்?”

“எப்போது அடிக்கமாட்டார் என்று கேளுங்கோ சார்” என்று பின்கட்டுக் கதையைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். முகம் சிவந்துபோயிற்று, பாவம். அதெல்லாம் பெண்களுடைய காரியம், எழுத வேண்டாம் என்றார். அடித்ததை மட்டும் ஒழுங்காக எழுதிக்கொண்டு, வீட்டை விட்டு மட்டும் இறங்கிவிடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்.

கோர்ட் நோட்டீஸ் வந்த அன்று தெருவே வாசலில் நின்றது. எங்கள் தெருவில் போலீஸ்காரர் ஒருவர் ஒரு வீட்டுக் கதவைத் தட்டியதை அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை. நான் தண்ணீர் கேட்டால்கூடக் கொடுப்பார்களா என்று ஆகிவிட்டது. கேஸ் நடக்காமல் போக வேண்டும் என்று மாமியார் பழவங்காடியில் தேங்காய் உடைத்தாள். கேஸ் நடக்க வேண்டும் என்று நானும் உடைத்தேன். ஒரே வீட்டிலிருந்து இரண்டு பக்கமும் தேங்காய் வந்தால் அந்தப் பிள்ளையார்தான் என்ன செய்வார்?

நோட்டீஸ் வந்தபிறகு அவர் என்னோடு பேசுவதை நிறுத்தினார். கையும் நீளவில்லை. “பாரு, திருந்திட்டான். வாபஸ் வாங்கிடு” என்று மாமியார் என் பின்னாலேயே அலைந்தாள். எனக்கோ ஒரு நிமிஷம் நிம்மதி இல்லை. அவருடைய செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பேன், நின்றால் எங்கே போவது என்று தெரியாது. அவர் நாலாம் நாளுக்குக் காத்திருக்கிறார் என்றே எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. இந்தமுறை நாலாம் நாள் என்பது கேஸ் முடிகிற நாள்.

வஞ்சியூர் கோர்ட்டில் எனக்கு இலவச வக்கீல் ஒரு பெண். நல்ல பெண், ஆனால் பயந்தவள். “சேச்சி, தூரம் கதையெல்லாம் அங்கே வேண்டாம். ஆசாரத்தைக் குற்றம் சொல்கிறாள் என்று திருப்பிவிடுவார்கள். அடித்ததை மட்டும் சொன்னால் போதும்” என்றாள். எனக்கும் கூச்சம்தான். வீட்டுக்குள்ளேயே ஜாடையில் சொல்கிற ஒன்றை வேற்று ஆண்கள் நடுவில் எப்படி வாயால் சொல்வது? சரி என்று தலையாட்டினேன்.

குடும்ப விஷயம் என்பதால் கதவைச் சாத்திவிட்டுத்தான் விசாரித்தார்கள். மாஜிஸ்திரேட் ஒரு பெண்மணி. கண்ணாடி போட்டவர், அதிகம் பேசாதவர். என் கணவருடைய வக்கீல் எழுந்து, தன் கட்சிக்காரர் எவ்வளவு சாது என்று ஆரம்பித்தார். ரத்தக் கொதிப்பு இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறார், கோபம் வரும்போது தன்னை மறந்துவிடுகிறார், அது ஒரு வியாதி. நோட்டீஸ் போனபிறகு ஒருநாளும் கை ஓங்கவில்லை. இப்படிப்பட்டவருக்கு உத்தரவு எதற்கு, கவுன்சலிங் போதும், மனைவியும் கொஞ்சம் பொறுமையாக இருக்கட்டும். மாஜிஸ்திரேட் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு உள்ளங்கால் பரபரத்தது. உத்தரவு இல்லாமல் அந்த வீட்டுக்குத் திரும்பினால் என் கதி என்ன, என் குழந்தையின் கதி என்ன?

“கோபம் வந்தால் அவருக்குத் தன்னிலை தெரியாது என்கிறார்கள். அப்படித்தானா?” என்று மாஜிஸ்திரேட் என்னிடம் கேட்டார்.

“தெரியும் மேடம். மாசத்துல மூணு நாள் நன்னாத் தெரியும்” என்று நான் சொல்லிவிட்டேன். என் வக்கீல் பெண் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். நான் நிறுத்தவில்லை. பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பின்கட்டு, வாசற்படி, ஓங்கிய கை, நாலாம் நாள், எல்லாவற்றையும் கொட்டினேன். என் மகள் கேட்ட கேள்வியையும் சொன்னேன். காது இரண்டும் சூடேறி, என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது. அவருடைய வக்கீல் எழுந்து, வீட்டு ஆசாரங்களை இங்கே இழுப்பது சரியில்லை என்றார். மாஜிஸ்திரேட் அவரை உட்காரச் சொல்லிவிட்டு என் கணவர் பக்கம் திரும்பினார்.

“இவர் சொல்வது உண்மையா? அந்த நாட்களில் நீங்கள் இவரை அடிக்கமாட்டீர்களா?”

என் கணவர் நிமிர்ந்து நின்றார். அடிப்பதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் குனிந்திருந்த தலை, ஆசாரம் என்றதும் நிமிர்ந்துவிட்டது. “ஒருநாளும் இல்ல மேடம். எங்க வீட்டில் அதெல்லாம் கரெக்டாக்கும்” என்றார்.

“எவ்வளவு கோபம் வந்தாலும்?”

“எவ்வளவு வந்தாலும்.”

“எப்படி முடிகிறது?”

அவர் மாஜிஸ்திரேட்டைப் பார்த்த பார்வையில், இதுகூடவா தெரியாது என்ற ஆச்சரியம் இருந்தது. “தொட்டா குளிக்கணுமல்லோ, மேடம்” என்றார்.

அவருடைய வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். என் கணவர் மட்டும் என்ன ஆயிற்று என்று புரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அவருக்கு அன்று புரியவில்லை.

உத்தரவு அன்றைக்கே கிடைத்தது. என்னையோ குழந்தையையோ அடிக்கக்கூடாது, திட்டக்கூடாது, வீட்டை விட்டு இறக்கக்கூடாது, மீறினால் ஜெயில். கிழக்கேகோட்டை பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேதான் வந்தேன்.

மாமியார் சமையலறையில் தரையில் உட்கார்ந்து அவரைக்காய் நாரெடுத்துக்கொண்டிருந்தாள். நடந்த விவரத்தைச் சொன்னேன். உத்தரவைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. “அவன் என்னடீ சொன்னான்?” என்றாள். சொன்னேன். அவள் கை நின்றது. நான் திட்டுக்குத் தயாரானேன். வீட்டு மானத்தைக் கோர்ட்டில் ஏற்றிவிட்டாய் என்பாள், பதிலுக்குக் கேட்க என்னிடமும் நாலு கேள்வி தயாராக இருந்தது.

“இவன் அப்பாக்கு அந்த மூணு நாளும் கிடையாதுடீ” என்றாள் அவள், காயைப் பார்த்துக்கொண்டே. “பின்கட்டுக்கே வந்து அடிப்பார். அடிச்சுட்டுக் கிணத்தடிக்குப் போய்க் குளிச்சுட்டு வந்து சாப்பிட உக்காருவார். நான் எம்புள்ளையை நல்லவன்னு சொன்னது அதனாலதான்.”